சம்மட்டியும் பட்டடையும்

ஒரு மனிதன் கடைக்குள் நுழைகிறான். பிஸே என்ற பிரெஞ்சு இசைமேதையின் 'லார்லேஸியன்' இசைத்தட்டு வேண்டும் என்கிறான். கடையில் ஆறு பிரதிகள் இருக்கின்றன. ஆறையும் எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்கிறான். சில விநாடிகள் காது கொடுப்பான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், தட்டை மாற்றுவான். ஆறிலும் ஒரே சங்கீதம், ஒரே பதிவு. பிறகு தன் போக்கில் எழுந்து போய்விடுகிறான்.

கடைக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. தட்டுகளை அள்ளிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடுகிறார். மேலதிகாரி ஆறையும் கேட்டுப் பார்க்கிறார். அவற்றில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் அவரைத் தின்னத் தொடங்குகிறது.

இதை நான் பார்த்தது சென்ற மழைக்காலத்தில், என் பேரனுடைய மடிக்கணினியில். பழைய இங்கிலீஷ் டெலிவிஷன் தொடர் ஒன்றைக் காட்டுகிறேன் என்று அவன் என்னைப் பிடித்து உட்கார வைத்தான். வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது எனக்குப் பழைய கடன் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'தி பிரிஸனர்' - கைதி - என்பது தொடரின் பெயர். 1967-68-இல் பிரிட்டனில் ஒளிபரப்பானது. மொத்தம் 17 பகுதிகள்தாம். ஆனாலும் அதன் பேரில் பித்துக்கொண்ட ரசிகர் கூட்டம் இன்னும் கலையவில்லை. படம் பிடித்த ஊரான போர்ட்மேரியனுக்கு யாத்திரை போகிறவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கடலோரத்தில், க்ளவ் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925 முதல் ஆசை ஆசையாகக் கட்டிய ஊர் அது. குவிமாடமும் மணிக்கூண்டும் வர்ணச் சுவர்களுமாகப் பொம்மைக் கடையைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல் இருக்கும். கரையிலேயே கல்லால் கட்டிய படகு ஒன்றுகூட உண்டு. என்றைக்கும் மிதக்காத படகு! சிறைச்சாலைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது.

கதாநாயகன் அரசாங்கத்தின் ரகசிய வேலை ஒன்றை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். மயக்கப் புகை சூழ்கிறது. கண் விழித்தால் 'கிராமம்' என்று சொல்லப்படும் அந்த இடத்தில் இருக்கிறான். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். இவன் ஆறாம் நம்பர். ஊரை ஆள்பவர் இரண்டாம் நம்பர். அந்த நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். எதற்காக ராஜினாமா செய்தாய் என்பதுதான் அவர்கள் விடாமல் கேட்கும் கேள்வி, இவன் சொல்லமாட்டான். பாட்ரிக் மக்கூஹன் என்ற நடிகர் ஆறாம் நம்பராக நடித்ததோடு தொடருக்கே மூலவராகவும் இருந்தார்.

நான் பார்த்த பகுதிக்குத் தலைப்பு, 'சம்மட்டி பட்டடையானது' என்ற பொருளில் அமைந்தது. ராஜர் வாடிஸ் எழுதியது. கதை ஆஸ்பத்திரியில் ஆரம்பமாகிறது. எழுபத்து மூன்றாம் நம்பர் என்ற இளம் பெண் கை நரம்பை அறுத்துக்கொண்டு, பிழைத்துப் படுத்திருக்கிறாள். அவள் கணவன் எங்கே இருக்கிறான் என்று புதிய இரண்டாம் நம்பர் துருவித் துருவிக் கேட்கிறார். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர் அவளை அடிப்பதில்லை. அவள் கணவன் வேறொரு பெண்ணோடு இருக்கும் படங்களைக் காட்டுகிறார். அவள் அலறுகிறாள். வெளியே போய்க்கொண்டிருந்த ஆறாம் நம்பர் கேட்டு ஓடி வருகிறான். அதற்குள் அவள் ஜன்னல் வழியே குதித்து விடுகிறாள். குறுக்கே வந்ததற்கு நீ அனுபவிப்பாய் என்கிறார் அதிகாரி. அனுபவிக்கப் போவது நீதான் என்கிறான் இவன்.

பிறகு இவனை அடித்து இழுத்துக்கொண்டு போய் அதிகாரியின் முன் நிறுத்துகிறார்கள். ஜெர்மன் மகாகவி கதேயின் வாக்கு ஒன்றை அவர் எடுத்து வீசுகிறார்: இந்த உலகத்தில் ஒன்று நீ சம்மட்டியாக இருக்க வேண்டும், அல்லது பட்டடையாக இருக்க வேண்டும் என்ற கருத்து. சம்மட்டி நான் என்பது அவருடைய உரை. அந்தச் சமயத்தில் சிவப்பு டெலிபோன் மணி அடிக்கிறது. பேசுவது அவருக்கும் மேலே உள்ள யாரோ. சம்மட்டியின் குரல் குழைகிறது, நெற்றி வேர்க்கிறது. எல்லாம் சரியாக நடக்கிறது, உதவி தேவையில்லை என்று அவசர அவசரமாகச் சொல்லி வைக்கிறார். ஆறாம் நம்பர் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாட்ரிக் கார்கில் என்ற நடிகரின் திறமையை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். சிரிப்பு நாடகங்களுக்குப் பேர்போனவர் அவர். சிரிக்க வைக்கத் தெரிந்த நடிகருக்குத்தான் பயத்தின் நடுக்கம் இவ்வளவு நுட்பமாகத் தெரியும் போலும்.

அப்புறம் நடப்பதெல்லாம் அந்த ஒரு டெலிபோன் பேச்சிலிருந்து கிளைத்தவை. தன் வீட்டில் எந்நேரமும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆறாம் நம்பருக்குத் தெரியும். ஒரு குறிப்பேட்டில் ஏதோ எழுதுகிறான். அடித்தாளில் பேனா அழுத்திய தடம் விழுகிறது. அதைப் படித்தால், யாரோ ஒரு மேலிடத்துக்கு, இரண்டாம் நம்பரின் புத்தி நிலையாக இல்லை என்று ரகசிய அறிக்கை போயிருப்பதாகத் தெரிகிறது. கல் படகில் ஓர் உறையை ஒளித்து வைக்கிறான். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்கள். பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறது, அங்கேயும் வெள்ளைத் தாள்தான். நீ எதையோ மறைக்கிறாய் என்று அதிகாரி பரிசோதனைக்காரன் மேல் பாய்கிறார். உள்ளூர்ப் பத்திரிகையில் 'டான் க்விக்ஸாட்'டிலிருந்து ஒரு வரியை விளம்பரமாகப் போடுகிறான். பேண்டு வாத்தியத் தலைவரிடம் 'லார்லேஸியன்' இசையில் வரும் ஃபாரன்டோல் என்ற நடனப் பகுதியை வாசிக்கச் சொல்லிவிட்டு, நின்று கேட்காமல் போய்விடுகிறான். ஒரு குயில் கடிகாரத்தை அதிகாரியின் வாசலில் வைக்கிறான். வெடிகுண்டு என்று ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. புறாவின் காலில் செய்தி கட்டி விடுகிறான். கடற்கரையில் கண்ணாடியால் ஒளி காட்டிச் செய்தி அனுப்புகிறான். அதைப் பெயர்த்துப் பார்த்தால் குழந்தைகள் பாடும் பாட்டு!

மனநோய் மருத்துவருக்குப் போன் செய்து, இரண்டாம் நம்பரைப் பற்றிய அறிக்கை தயாரா என்று கேட்கிறான். மருத்துவர் திருதிருவென்று விழிப்பதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. கண்காணிப்பு மேற்பார்வையாளர் ஒரு பிறந்தநாள் வாழ்த்தை ஒலிபரப்பினார் என்பதற்காக வேலையிலிருந்து போகிறார். அதிகாரியின் வலது கை போன்ற பதினான்காம் நம்பரோடு சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து ஒன்றுமில்லாத விஷயத்தைக் கிசுகிசுக்கிறான். அதோடு அவன் துரோகியாகிறான். கடைசியில், வாய் பேசாமல் தேநீர் கொண்டு வரும் குள்ளமான பணியாளைக்கூட அதிகாரி துரத்திவிடுகிறார்.

தனித்துப்போன அந்த மனிதரிடம் ஆறாம் நம்பர் வருகிறான். நான் நிஜமாகவே மேலிடம் அனுப்பிய ஆள் என்று வைத்துக்கொள். அப்படியானால் எனக்குக் குறுக்கே வந்த நீ செய்தது என்ன என்று கேட்கிறான். என்னைப் பற்றிப் புகார் செய்துவிடாதே என்று கெஞ்சுகிறார் அவர். நான் செய்யப்போவதில்லை, நீயே செய்வாய் என்கிறான். சிவப்பு டெலிபோனை எடுத்து, இரண்டாம் நம்பரை மாற்ற வேண்டும், சொல்வது இரண்டாம் நம்பர்தான் என்று அவரே சொல்கிறார்.

கை தட்டத் தோன்றியது. தட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. வெற்றுத் தாளும் கடிகாரமும் கொண்டு ஒரு கொடியவனை வீழ்த்திவிட்டான் அல்லவா? நிஜத்தில் உடைவது எப்போதும் சம்மட்டிதான், பட்டடை அல்ல என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை அதற்கு உரை எழுதினாற்போல் இருக்கிறது.

மறுநாள் பேரன் இல்லாத வேளையில் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை கதாநாயகனைப் பார்க்கவில்லை. மற்றவர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். கடைக்காரர், பரிசோதனைக்காரர், மருத்துவர், பேண்டுத் தலைவர், மேற்பார்வையாளர், பதினான்காம் நம்பர், அந்தப் பணியாள். அந்தப் பெண்ணை ஜன்னலுக்குத் துரத்தியது இவர்களில் எவரும் இல்லை.

இனி என் கடன். எழுத்தையே நம்பிப் பிழைக்கத் துணிவதற்கு முன்பு நான் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் மேனேஜர் ஒரு நாள், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று டைப்பிஸ்ட் பெண் எழுதிக் கொடுத்த லீவு கடிதத்தை ஹாலின் நடுவில் நின்று உரக்கப் படித்தார். ஒவ்வொரு இங்கிலீஷ் பிழைக்கும் நிறுத்தி, எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எங்களில் இரண்டொருவர் கூடச் சிரித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண் மறுநாள் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

வெட்கம் எங்களை வீரர்களாக்கியது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு தீர்மானம் செய்தோம். மேனேஜர் ஹாலுக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவது. நான் மாத்திரம் ஒரு நோட்டை மூடி டிராயரில் வைத்துப் பூட்டுவது. அவ்வளவுதான். நோட்டில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. மூன்று வாரத்தில் அவர் முகம் மாறிவிட்டது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு டிராயர்களை இழுத்துப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்களுக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து அவர் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய அறை வாசலில் 18 வருஷமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கிழப் பியூன்தான் உள்ளே நடப்பதையெல்லாம் எங்களிடம் சொல்கிறான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அவரை ஊரின் மறுகோடியில் இருந்த கிடங்குக்கு மாற்றினார். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி. போகிற அன்று பெரியவர் என் மேஜைக்கு வந்தார். "ஏன் தம்பி, நான் யாருகிட்டே என்ன சொன்னேன்?" என்று கேட்டார். பூட்டிய டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியாதே என்றேன். எங்கள் விளையாட்டில் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அந்தக் குறளை வக்கீல் வைத்துக்கொள்வது போல் வைத்துக்கொண்டிருக்கிறோம்! அந்தச் சலுகையில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. விளைகிற நன்மையில் மாசு இருக்கக் கூடாது என்கிறார். வாயால் பொய் சொன்னாயா என்று அவர் கேட்கவில்லை. என்ன விளைந்தது என்று கேட்கிறார். 'நான் வெள்ளைத் தாளைத்தானே வைத்தேன்' என்ற வாதம் அந்தக் கோர்ட்டில் எடுபடாது.

இன்னொரு குறளில் அவர் பட்டடையையே சொல்கிறார். அதுவும் கூடா நட்பு அதிகாரத்தில். மனம் கலவாமல் கூடிப் பழகுகிறவனின் சிநேகம், தக்க சமயத்தில் ஓங்கி அடிப்பதற்கு வாய்த்த பட்டடை என்கிறார். சிற்றுண்டிச் சாலையில் பதினான்காம் நம்பரின் காதோரம் குனிந்து ஆறாம் நம்பர் கிசுகிசுத்த காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கதேயிடம்கூட இல்லை.

இது டெலிவிஷன் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தத் தொடர் ஓடிய அதே வருஷங்களில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யில் இதே கதை, ஆறாம் நம்பர் என்று ஒருவன் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. எதிரி ஒற்றர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்கு 1954 முதல் 1974 இறுதி வரை ஜேம்ஸ் ஆங்கிள்டன் தலைவராக இருந்தார். அவருடைய ஆப்த நண்பரான பிரிட்டிஷ் உளவு அதிகாரி கிம் ஃபில்பி சோவியத் ஒற்றர் என்பது, 1963-இல் அவர் மாஸ்கோவுக்கு ஓடியபோது சந்தேகமறத் தெரிந்துவிட்டது. அதற்குச் சற்று முன்பு ஓடிவந்திருந்த ரஷ்ய அதிகாரி ஒருவர் வேறு, உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருக்கிறான் என்று சொல்லியிருந்தார். ஆங்கிள்டன் தேடத் தொடங்கினார். விசுவாசமான அதிகாரிகளின் உத்தியோகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாசமாயின. 1964-இல் அடைக்கலம் தேடி வந்த யூரி நோசென்கோவை, விசாரணை மன்றம் எதுவும் இல்லாமல் மூன்று வருஷங்களுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். தேடியவன் அகப்படவே இல்லை. 1980-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுப்பதற்கென்றே சட்டத்தில் வழி செய்ய வேண்டியிருந்தது. சந்தேகம் என்ற வியாதிக்கு வெள்ளைத் தாள்கூடத் தேவையில்லை என்று தெரிகிறது. அதே சமயம், அந்த வியாதி கண்டவன் தான் விழும்போது தனியாக விழுவதில்லை என்பதும் தெரிகிறது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். அதோடு, எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்த இன்னொன்றையும் சொன்னேன். "அந்தப் பெண்ணை அவன் எப்படிக் கொன்றான்? அவள் நம்பியிருந்த ஒருவன் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையை உடைத்தான். இவன் பதிலுக்குச் செய்ததும் அதேதானே? அவனுக்கு மருத்துவர் மேல், உதவியாள் மேல், தேநீர் கொண்டு வருகிறவன் மேல் இருந்த நம்பிக்கையை ஒவ்வொன்றாக உடைத்தான். ஆயுதம் ஒன்றுதானே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க சொல்றது சரியில்லை, தாத்தா. அந்தப் பொண்ணுகிட்டே நம்பிக்கை இருந்தது. உடைச்சான். இந்த ஆளுகிட்டே யார் மேலேயும் நம்பிக்கையே இல்லையே? பயம்தானே இருந்தது? ஆறாம் நம்பர் எதையும் உடைக்கலை. ஏற்கெனவே உடைஞ்சு கிடந்ததை அவனுக்கே காட்டினான்."

இருபது வயதுப் பையன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் கோர்ட்டு இல்லை, போலீஸ் இல்லை, புகார் எழுதிப் போட ஒரு பெட்டி இல்லை. ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள்; கேட்க நாதியில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு அந்தக் கொடுமையை அவன் நிறுத்தினான். இரண்டாம் நம்பருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடத் தயாராக இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு சாதுவாக இருந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு உபதேசம் செய்யவும் எனக்கு வாய் வராது. அந்த ஊரில் உத்தியோகம் பார்த்த அத்தனை பேரும் ஒரு வகையில் சிறைக்காவலர்கள்தாமே என்று கேட்டால், அதற்கும் தலையாட்டத்தான் வேண்டும்.

ஆனால் எங்கள் பியூன் சிறைக்காவலர் அல்ல. கடிதம் படிக்கப்பட்ட அன்று சிரிக்காத இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர். ஆறாம் நம்பர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று பேரனைக் கேட்டேன். "நீங்க அவருகிட்டே உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்றான். மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவ்வளவு கருணை அவனுக்கு. நான் சொல்லியிருக்க வேண்டியது மேனேஜரிடம்தான். நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து, இதில் ஒன்றும் இல்லை, பெரியவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லியிருந்தால், ஆட்டம் முடிந்திருக்கும். என் வேலையும் முடிந்திருக்கும். வேலை போய்விடுமே என்று இருந்தேன். ஆறாம் நம்பருக்கு அந்தச் சலனம் வந்ததாகக் கதையில் ஒரு கணம்கூடக் காட்டவில்லை. பதினான்காம் நம்பர் ஆத்திரத்தோடு வீடு தேடி வந்து மோதியபோது, இவன் அவனை ஜன்னல் வழியே தூக்கி எறிகிறான். மறுபடியும் ஒரு ஜன்னல்! படம் எடுத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

அந்த இசையைப் பற்றியும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 'லார்லேஸியன்' என்றால் ஆர்ல் ஊர்க்காரி என்று பொருள். அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய நாடகத்துக்காக 1872-இல் பிஸே அமைத்த இசை. நாடகம் முழுவதும் அந்த ஆர்ல் ஊர்ப் பெண்ணைப் பற்றியே பேச்சு. ஆனால் அவள் ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. எல்லோரும் பேசியும் கண்ணில் படாத ஆளைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'ஆர்ல் ஊர்க்காரி' என்றுதான் சொல்கிறார்கள். ஆறாம் நம்பர் கடிதம் எழுதிய அந்த இல்லாத மேலிடத்துக்கு நல்ல பெயர்! கதையை மேலும் கேளுங்கள். அவளை உயிருக்கு உயிராய் நேசிக்கும் ஒரு பட்டிக்காட்டு இளைஞன். அவள் இன்னொருவனுக்கு உரியவள் என்று காட்டும் கடிதங்கள் வந்து சேர்கின்றன. முடிவில் அவன் உயரத்திலிருந்து குதித்துச் சாகிறான்.

ஆறு தட்டிலும் அதிகாரி தேடித் தேடிக் கேட்டும் அவருக்கு அகப்படாத செய்தி இதுதான். தேடியது ரகசியச் சங்கேதத்தை. தட்டில் இருந்ததோ, அன்பானவரின் துரோகத்துக்குச் சாட்சி காட்டப்பட்டுக் குதித்துச் செத்த ஓர் உயிரின் கதை. அது அவர் ஆஸ்பத்திரி அறையில் தம் கையாலேயே செய்தது.

பேண்டு வாசிக்கும் காட்சியை மாத்திரம் பேரன் எனக்காக மறுபடி வைத்தான். ஃபாரன்டோல், திருவிழாவில் கைகோத்து ஆடுகிற ஆட்டத்துக்கு உரிய துள்ளலான மெட்டு. வர்ணக் குடைகளும் கோடு போட்ட சட்டைகளுமாக ஜனங்கள் திரிகிற அந்தச் சதுக்கத்தில் அது முழங்குகிறது. வாசிக்கச் சொன்னவன் அங்கே இல்லை. எழுபத்து மூன்றாம் நம்பருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். 50 நிமிஷத்தில் அதை யாரும் சொல்லவில்லை.